கொழும்பு மண்ணுக்கு ஊர்க் கணக்கு சரிவராது

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மொட்டை மாடி. 16 சாடிகளில் கத்தரி. காலை ஒன்பது மணிக்கே இலைகள் துவண்டு தொங்கின.

"காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஊத்திறன் தம்பி. பிறகும் வாடுது. இனி மத்தியானமும் ஊத்தட்டோ?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா.

ஒரு சாடியைச் சரித்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தேன். கூழ்முட்டை நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் கபில நிறமாகி, இழுத்ததும் தோல் கழன்று வந்தது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் உள்ள இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது என்பதால் இலை தாகத்தில் வாடுவதைப் போலவே வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம்.

"அம்மா, ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டும் ஊத்தாதேங்கோ" என்றேன். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

விவசாயப் போதனாசிரியராகக் கொழும்பில் நான் ஏறி இறங்கிய வீடுகளில் பூச்சியால் செத்த செடியைவிடத் தண்ணீரால் செத்த செடிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்த அம்மா தோட்டம் தெரியாதவர் அல்ல. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்து வளர்ந்தவர், துலாவும் வாய்க்காலும் பார்த்தவர். சிக்கலே அங்கேதான். ஊரில் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் செம்மண், ஊற்றிய தண்ணீரைக் கீழே இறக்கிவிடும். மழையும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு சரி. மிச்ச நாளெல்லாம் கிணறுதான். கொழும்பிலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை. மே மாதத்தில் ஒரு கொட்டு, ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு கொட்டு. ஊரில் சரியாக இருந்த பழக்கம் இங்கே செடியைக் கொல்கிறது.

ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டினால் வாளியைக் கீழே வையுங்கள். சாடியைத் தூக்கிப் பார்த்தும் அறியலாம். காய்ந்த சாடி எவ்வளவு பாரம் என்று ஒரு கிழமையில் கைக்குப் பழகிவிடும்.

சாடியின் அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒருகாலம் சொன்னேன். உண்மையில் மண்ணும் கல்லும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் தயங்கி நின்று, ஈர மட்டம் வேருக்கு இன்னும் கிட்ட வருகிறது. கல் போட்ட அளவுக்கு மண்ணும் குறைகிறது. மேல்மண், கூட்டெரு, மணல் மூன்றையும் சம பங்காகக் கலந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையாக நிரப்புங்கள். நாலைந்து துளை போட்டு, சாடியைச் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். மணலுக்குப் பதிலாகத் தும்புத்தூள் போடுபவர்கள் அதை இரண்டு மூன்று தரம் கழுவிப் போடவேண்டும், அதில் உப்பு இருக்கும்.

அடுத்தது மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. கொழும்பு மாவட்டத்துச் சரளை கலந்த சிவப்பு மண்ணைப் பார்த்ததும் ஊர்ச் செம்மண் ஞாபகம் வரும். நிறத்தில்தான் ஒற்றுமை. ஊர் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு இருக்கிறது. இங்கே மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக் கொண்டுபோய், மண் புளித்துக் கிடக்கிறது. புளித்த மண்ணில் எவ்வளவு பசளை போட்டாலும் செடிக்கு முழுதாகச் சேராது. ஆகவே நிலத்தில் நடுபவர்கள் நடுவதற்கு இரண்டு கிழமை முன்பே சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். விலையும் அதிகமில்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி எல்லாவற்றுக்கும் நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். பக்கத்தில் பத்து மாடிக் கட்டடம் எழும்பிவிட்டால் அந்தக் கனவை விட்டுவிடுங்கள். பசளை போட்டு நிழலை ஈடுகட்ட முடியாது. மூன்று நாலு மணி நேர வெயில் கிடைத்தால் வல்லாரை, பொன்னாங்காணி, பசளி தாராளமாக வரும். தண்ணீர் ஊற்றாமல் இருக்கவே முடியாதவர்களுக்குக் கங்குன் கீரை இருக்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் கோபிக்காது.

தெஹிவளையில் ஒரு வீட்டில் காய்க்கத் தொடங்கிய தக்காளி பச்சையாகவே வாடிச் சரிந்தது. வேரில் அழுகல் இல்லை. தண்டின் அடிப்பாகத்தில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை படும்படி பிடித்தேன். சில நிமிடத்தில் பால்போல ஒரு நூல் கீழே இறங்கியது. பற்றீரியா வாடல் நோய். இதற்கு மருந்து இல்லை. செடியை மண்ணோடு பிடுங்கி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நீண்ட காலத்துக்கு நடாமல் விடவேண்டும். அங்கே பயற்றங்காய் போடலாம். கத்தரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சுண்டங்கத்தரி அடிக்கட்டையில் ஒட்டிய கன்று வைத்துப் பார்க்கலாம். அந்த வேர் இந்த நோயை ஓரளவு தாங்கும்.

ஆனால் அந்த வீட்டுக்காரர் நான் வருவதற்குள் மூன்று விதமான கிருமிநாசினி வாங்கி அடித்திருந்தார். கடையில் "வாடுது" என்று சொன்னாராம், எடுத்துக் கொடுத்தார்களாம். நஞ்சில்லாத மரக்கறி வேண்டுமென்று தொடங்கிய தோட்டம் அது! கிருமிநாசினிக்கும் அறுவடைக்கும் இடையில் விடவேண்டிய நாட்கணக்கு போத்தலிலேயே இருக்கும். நாலு நாளைக்கு ஒருக்கால் காய் பறிக்கிற வீட்டில் அந்தக் கணக்கை யார் காக்கப்போகிறார்கள்? கத்தரியில் நுனிக்குருத்து வாடியிருந்தால் உள்ளே புழு இருக்கும், குருத்தோடு கிள்ளி அழித்துவிடுங்கள். பாகலையும் புடோலையும் பிஞ்சிலேயே கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ முட்டையிடாது. அணிலுக்குத்தான் என்னிடம் வழியில்லை.

2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் தொடங்கிய தோட்டங்களில் இன்று பல இடங்களில் மிஞ்சியிருப்பவை வெறும் சாடிகளும் அடித்தட்டுகளும்தான். அவற்றில் மழைநீர் தேங்கினால் ஒரு கிழமை, பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கும். வெறும் சாடியைக் கவிழ்த்து வையுங்கள், அடித்தட்டே வேண்டாம். தோட்டம் ஓடுகிற வீடுகளிலும் கிழமைக்கு ஒருநாள் வாளி, பீப்பா, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்து ஊற்றிவிடவேண்டும். சந்தேகம் எதுவானாலும் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம், தமிழிலும் பேசலாம்.

அந்த அம்மாவின் 16 சாடிகளில் ஆறுதான் தப்பின. அவற்றில் கத்தரி இப்போது காய்க்கிறது, விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறாராம். மிச்சப் பத்திலும் கங்குன் போட்டிருக்கிறார். அதற்கு மட்டும் காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா.