அந்தப் பட்டப்பெயரை இன்றே நிறுத்துங்கள்

போன வாரம் என்னிடம் வந்த பையனுக்கு 14 வயது. வேகப்பந்து வீச்சாளன். மூன்று மாதமாகக் காலைப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறான், சாயங்கால நெட்ஸுக்கு மட்டும் போகிறான். "சோம்பேறி ஆயிட்டான் மேடம்" என்றார் அப்பா.

இப்படி வரும் பிள்ளைகளிடம் "கஷ்டமா இருக்கா?" என்று நான் கேட்பதில்லை. இல்லை என்றுதான் சொல்வார்கள். "டீம்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்: "வெஸ்ட் இண்டீஸ்." கறுப்பின வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பேர்போன கரீபியன் தீவுகளின் கிரிக்கெட் அணி அது. வெயிலில் இன்னும் கறுத்துவிடுவோம் என்ற பயம்தான் அவனைக் காலையில் தடுத்திருக்கிறது. இதே கதையை இன்னும் எத்தனை பிள்ளைகளிடம் கேட்பது?

பயிற்சியாளர்களிடம் பேசினால் ஒரே பதில்தான். "செல்லமாத்தான் கூப்பிடறோம். அவங்கள மாதிரி வேகமா போடறான், பாராட்டுதானே?"

டேரன் சமி 2012, 2016 இரண்டு டி20 உலகக் கோப்பைகளை வென்ற வெஸ்ட் இண்டீஸ் அணித்தலைவர். ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது அவரைக் "காலு" என்று கூப்பிட்டார்கள். பலசாலி என்று அர்த்தம் போல என நினைத்துக்கொண்டார். அது கறுப்பன் என்று 2020இல்தான் தெரிந்தது. கொதித்துப் போனார். கூப்பிட்டவர்களில் ஒருவர் பிறகு பேசி, அன்பால்தான் சொன்னேன் என்றார், சமியும் அதை நம்பினார். சரி, அன்பு இருந்தது. வலி இல்லாமல் போனதா? உங்கள் டீமில் சிவப்பாக இருக்கும் பையனை யாராவது "இங்கிலாந்து" என்று கூப்பிடுகிறீர்களா? "அவனும் சிரிக்கிறானே" என்பீர்கள். சிரிக்காவிட்டால் தனியாகிவிடுவான், அதனால் சிரிக்கிறான்.

பாராட்டு என்பது அதைவிட மோசம். வெஸ்ட் இண்டீஸ் 1928 முதல் டெஸ்ட் ஆடியது. ஆனால் ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது 1960-61இல், ஃபிராங்க் வொரெல். அதற்கு முன் ஜார்ஜ் ஹெட்லிக்கு 1948இல் ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது. கறுப்பனுக்கு உடம்பு, வெள்ளைக்காரனுக்கு மூளை என்ற காலனிக் கணக்கு அது. என்னிடம் வந்த பையன் 12 வயது வரை தொடக்க ஆட்டக்காரன். "உனக்கு எதுக்குப்பா பேட்டிங், ஓடி வந்து போடு" என்று ஒரு வருடமாக அவனுக்குப் பேட்டிங்கே கொடுக்கவில்லை. அதே கணக்குதான்.

நம் ஊருக்கும் இது தெரியும். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் ஐரோப்பியர் மட்டும் என்றிருந்த காலத்தில்தான், 1888இல் புச்சிபாபு இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் போய்விட்டான். நிறத்தை வைத்து இப்போது நாமே ஆள் பிரிக்கிறோம். சின்ன வயதிலிருந்து கேட்ட கேலியைப் பற்றி அபினவ் முகுந்த் 2017இல் எழுதினார். லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் 2021இல், வாழ்நாள் முழுக்க நிறப் பாகுபாட்டைச் சந்தித்தேன் என்றார். இருவரும் இந்தியாவுக்கே ஆடியவர்கள்.

பயிற்சியாளர்களே, பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மற்ற பையன்கள் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், "அப்புறம் பேசிக்கலாம்" வேண்டாம். யாருக்கு என்ன ஆட்டம் வரும் என்பதை நெட்ஸில் பார்த்து முடிவு செய்யுங்கள், தோலைப் பார்த்து அல்ல.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சிவப்பழகு கிரீமை வாங்கித் தராதீர்கள். சன்ஸ்கிரீன் கொடுங்கள். தோல் வெந்துபோகாமல் இருக்கத்தான் இது, கலருக்காக இல்லை என்று சொல்லியே கொடுங்கள்.