விண்ணப்பம் போடும் முன் பண்ணையைப் பாருங்கள்

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு வேளாண் கல்லூரியின் முதல்வராக இருந்து இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். உதவிப் பேராசிரியராக நான் சேர்ந்தபோது ஒரு வகுப்புக்கு நாற்பது பேர். இன்று நூற்றிருபது பேர். அன்று வகுப்பில் நான்கைந்து பெண்கள் இருந்தாலே அதிகம். இன்று பாதிக்கு மேல் அவர்கள்தான். இதில் எனக்கு நிறைந்த சந்தோஷம். ஆனாலும், பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு ஆலோசனை கேட்டு வரும் பெற்றோரிடம் நான் கட்டடங்களைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பயிர் உற்பத்திச் செய்முறைக்காக எங்கள் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சென்ட் வயல் உண்டு. 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சென்ட்டில் ஏறக்குறைய 1,300 குத்துகள், அதாவது அத்தனை இடத்தில் நாற்று ஊன்ற வேண்டும். குனிந்து நட்டுப் பார்த்தால்தான் இந்த எண் புரியும். சென்னையிலிருந்து வந்த ஒரு மாணவி முதல் நாள் நாற்றை விரல் முழுக்க உள்ளே அழுத்தி நட்டுக்கொண்டிருந்தாள். நாற்று முடி போட்டுக்கொண்டிருந்த பண்ணையாள் அம்மா சேற்றில் இறங்கி அவள் கையைப் பிடித்தார். “இவ்வளவு ஆழம் வேணாம் பாப்பா. மேலாப்புல வை. ஆழப் போனா தூர் கட்டாது.” தூர் கட்டுவது என்றால் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடித்துக் கிளைப்பது. அந்தப் பாடம் புத்தகத்திலும் இருக்கிறது, நானும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது பிடிபட்டது அந்த நிமிடத்தில்தான். நன்றாக விளைந்தால் ஒரு சென்ட்டில் 25 கிலோ நெல் கிடைக்கும். அதை விற்ற காசை மாணவர்கள் கையில் வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை கூடும்போது முதலில் அடிபடுவது இந்த ஒரு சென்ட்தான். இரண்டு பேருக்கு ஒன்று, பிறகு நான்கு பேருக்கு ஒன்று என்று ஆகி, கடைசியில் ஒருவர் நடுவார், மூன்று பேர் வரப்பில் நின்று குறிப்பெடுப்பார்கள். பாட அட்டவணை இன்னொரு தொல்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவை நடும் நாளில் பிள்ளைகள் விடுமுறையில் இருப்பார்கள். சம்பாவைப் புரட்டாசியில் நட்டால் அறுவடை தை மாதம். செமஸ்டரோ அதற்கு முன்பே முடிந்துவிடும். நட்ட பிள்ளையே அறுக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வருடமும் அட்டவணையோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். சில வருடங்களில் முடியவில்லை.

கல்லூரி நிலம் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்குக் கோயம்புத்தூரைச் சொல்லலாம். அங்கே 1909-ல் தொடங்கிய நிலையான உரப் பரிசோதனை வயல் இன்னும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு எந்த உரமும் கிடையாது, ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும், மற்றவற்றுக்கு ரசாயன உரங்கள் தனித்தனியாகவும் சேர்த்தும். நூறு வருடத்துக்கு மேலாக மண் என்ன ஆகிறது என்பதற்கு அந்தப் பாத்திகளே சாட்சி. அங்கே ஒரு கட்டடம் எழும்பியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

நானும் ஒரு தவறு செய்தேன். புது விடுதிக்கு இடம் தேடியபோது நன்செய் ஓரத்தைக் கொடுத்தேன். பண்ணை மேலாளர், “ஐயா, தண்ணி எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டார். பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுற்றுச்சுவர் பழைய வடிகாலை அடைத்தது. அந்த ஐப்பசி மழையில் மாணவர்களின் வயல்கள் பதினோரு நாள் தண்ணீரில் நின்றன, பயிர் அழுகியது. எட்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைகள் வரப்பில் நின்று அழுதார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே பெற்றோரே, கல்லூரியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வரவேற்பறையில் உட்கார்ந்துவிடாதீர்கள். நன்செய் எத்தனை ஏக்கர், புன்செய் எத்தனை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாட்டுக் கொட்டகையில் மாடு இருக்கிறதா என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவரிடம் தனியாக, “இந்தப் பருவத்தில் எத்தனை நாள் வயலில் இறங்கினாய்?” என்று கேளுங்கள். கிராமத்தில் தங்கிச் செய்யும் களப்பணியில் உண்மையாகவே தங்கினார்களா என்றும் கேளுங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிறகு மேல்படிப்பில் பிள்ளை தடுமாறும். பண்ணையாட்களில் வயதானவர்கள் ஓய்வு பெற்ற பின் அவர்கள் இடத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். நாற்றுப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க அவர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

போன வாரம் அந்தச் சுற்றுச்சுவரின் கீழ்ப்பகுதியை உடைத்துக் குழாய் பதிக்கும் வேலை தொடங்கியது. பழைய வடிகாலைத் தூர்வாரி வாய்க்காலோடு சேர்க்க இன்னும் நாற்பது அடி பாக்கி. சாவியை ஒப்படைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தினமும் காலையில் அங்கே போய் நிற்கிறேன்.