இரண்டாவது மாத எல்.எஃப்.டி. சொல்லும் சேதி

மாத்திரையால் கல்லீரல் பழுதானால் முதல் வேலை அந்த மாத்திரையை நிறுத்துவது. பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே சரியாகிவிடும். சரியாகாமல் இழுத்துக்கொண்டே போகும் சிலரை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

மரபணுவைப் பார்த்துச் சொல்லலாமே என்று தோன்றும். ஃப்ளூக்ளோக்சசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கால் கல்லீரல் கெடும் ஆபத்து, எச்.எல்.ஏ.-பி*57:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குச் சுமார் 80 மடங்கு அதிகம். ஆனாலும் அந்த வகை உள்ளவர்கள் 500 பேர் மருந்தைச் சாப்பிட்டால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தாலே அதிகம். அதை நம்பி யாருக்கு மருந்தை மறுப்பது?

எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லோரையும் பயமுறுத்துவது எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி இது. அது இயல்பான உச்ச வரம்பைப்போல் 3 மடங்கைத் தாண்டி, காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிரூபினும் 2 மடங்கைத் தாண்டினால் பத்தில் ஒருவருக்கு உயிராபத்து வரை போகலாம். அமெரிக்க மருத்துவர் ஹைமன் சிம்மர்மன் கவனித்துச் சொன்ன விதி இது. ஆனால் இது உடனடி ஆபத்துக்கான கணக்கு.

நாள்பட்ட பாதிப்புக்கு வேறு இடத்தில் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் மருந்தால் கல்லீரல் பழுதான 298 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓர் ஆண்டு கழிந்தும் 25 பேருக்குக் கல்லீரல் சீராகவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுத்தது பாதிப்பு தொடங்கியதிலிருந்து இரண்டாவது மாத ரத்தப் பரிசோதனை: பிலிரூபின் உச்ச வரம்பைப்போல் 2.8 மடங்குக்கு மேல், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதி 1.1 மடங்குக்கு மேல். அதாவது லேப் வரம்பு 120 என்றால் வெறும் 132. "கொஞ்சம்தானே கூட இருக்கு" என்று யாரும் தாண்டிப் போய்விடக்கூடிய எண்!

அந்தக் கொஞ்சத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறினால் பித்தம் ஓடும் வழியில் கோளாறு இருக்கலாம். கல்லீரல் செல்கள் செத்தால் பக்கத்துச் செல்கள் பெருகி இடத்தை நிரப்பிவிடும். உள்ளே இருக்கும் நுண்ணிய பித்தநாளங்கள் அழிந்தால் அவ்வளவு சுலபமாகத் திரும்ப வருவதில்லை; பித்தம் தேங்கி, கல்லீரலையே மெல்ல அரிக்கும். அமெரிக்காவில் திசுப் பரிசோதனையில் பித்தநாளங்கள் குறைந்திருந்த 26 பேரில் அநேகமாக எல்லோருக்கும் பாதிப்பு நாள்பட்டதாகவே மாறியது.

25 பேரை வைத்து வந்த வரம்புகள் என்பதால் இவற்றைக் கறாராகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் இதற்குத் தேவைப்படுவது சாதாரண எல்.எஃப்.டி. பரிசோதனைதான். காமாலை இறங்கி, பசி திரும்பி, ஆள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாலும் அதை இரண்டாவது மாதம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும்.