மசாயா: வழியாத தீக்குழம்பு

"நிகராகுவாவில் எரிமலையை ஒட்டியே ஒரு ஊர் இருக்கிறதாமே, லாவா ஏன் வழிந்து ஊருக்குள் வருவதில்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

அந்த ஊர் மசாயா. தலைநகர் மனாகுவாவுக்குத் தென்கிழக்கே, 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கைவினைச் சந்தைக்கும் கயிற்றுத் தூளிகளுக்கும் பேர்போனது. ஊருக்கு மேற்கே ஏரி, ஏரிக்கு அப்பால் அதே பேர் கொண்ட, வெறும் 635 மீட்டர் உயர எரிமலை. அதன் வாய்க்குள் 2015 டிசம்பர் முதல் சில ஆண்டுகள் தீக்குழம்பு ஏரியாகவே தளும்பிக் கொண்டிருந்தது.

வழிந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1772-ல் வழிந்து உறைந்த கருங்கல் பரப்பை மனாகுவா சாலையில் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் குழம்பு மேலே வருகிறது, திரும்ப உள்ளேயே இறங்கிவிடுகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

புளித்த இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாயுக்குமிழ்கள் நிறைந்து பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கி நிற்கும். கரண்டியால் நாலு சுற்று கலக்கினால் குமிழ்கள் உடைந்து மாவு கீழே இறங்கிவிடும். மாவின் எடை மாறவில்லை, அடர்த்திதான் கூடியது. மலையிலும் அப்படித்தான். ஆழத்தில் மாக்மாவுக்குள், அதாவது உருகிய பாறைக் குழம்புக்குள், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கந்தக வாயுவும் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைந்து அவை குமிழ்களாகப் பிரிகின்றன. குழம்பு லேசாகி ஏறுகிறது. வாய்க்கு வந்ததும் வாயு பறந்துவிடுகிறது. மிஞ்சியது கனமாகி, சற்றே குளிர்ந்து, வந்த குழாய் வழியாகவே இறங்குகிறது. ஒரே குழாயில், ஒரே நேரத்தில், லேசானது மேலே, கனமானது கீழே! பாகு போன்ற திரவங்களைச் செங்குத்துக் குழாயில் விட்டுச் சோதித்தபோது, லேசானது நடுவில் ஏற, கனமானது அதைச் சுற்றிச் சுவரோரமாக இறங்கியது.

இதற்குச் சாட்சி புகைதான். மசாயா நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டன், சில காலங்களில் ஆயிரம் டன்னுக்கும் மேல் கந்தக டை ஆக்சைடை வெளிவிட்டிருக்கிறது. அவ்வளவு வாயு வர எவ்வளவோ மாக்மா மேலே வந்திருக்க வேண்டும். வெளியே லாவாவைக் காணோம். அப்படியானால் அது உள்ளேதான் திரும்பியிருக்கிறது.

காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால் மசாயா நகரம் தப்புகிறது. மேற்கே உள்ள கிராமங்களில் அமிலப் புகையால் பயிர் கருகுகிறது, தகரக் கூரை அரிக்கிறது. அந்தப் புகை எழும் வாயின் சுவர்ப் பொந்துகளில் பச்சைக்கிளிகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன!

ஸ்பானியர்கள் இதை நரகத்தின் வாய் என்று நம்பிச் சிலுவை நட்டார்கள். 1538-ல் பிளாஸ் தெல் காஸ்தியோ என்ற துறவியோ, அது உருகிய தங்கம் என்று எண்ணி உள்ளேயே இறங்கிப் பார்த்தார். தங்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் பயந்து விலகாமல் போய்ப் பார்த்த அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

2024 மார்ச்சில் உட்சுவர் சரிந்து அந்தத் தீ ஏரியை மூடிவிட்டது. திறந்த வாயில் வாயு சுலபமாக வெளியேறும், மூடிய வாயில் அழுத்தம் சேரக்கூடும். இதே மசாயா பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயங்கரமாக வெடித்த எரிமலை. நில அதிர்வுமானிக்கும் வாயு அளக்கும் கருவிக்கும் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டியது, மலை இப்படி அமைதியாக இருக்கும்போதுதான். இன்றைய அளவு கையில் இருந்தால்தான் நாளை எது மாறியது என்று ஊராருக்குச் சொல்ல முடியும்.