சாத்தனூர் கல்மரம் கிடக்கும் கடல்தரை

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், வேலியிட்ட ஒரு பள்ளத்தில் 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மரம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் வெட்டிப் போட்ட அடிமரம், தொட்டால் கல். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் இதை அறிவியல் உலகுக்குத் தெரியப்படுத்தினார். அத்துறை இதனைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மரத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மரத்தைவிட அது கிடக்கும் பாறைக்குத்தான் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்றைய கடற்கரைக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த இடம், அந்த மரம் வந்து சேர்ந்த நாளில் கடலின் அடித்தரையாக இருந்தது.

அதை எப்படி அறிகிறோம்? அருகிலுள்ள கருடமங்கலத்தில் கிடைக்கும் கல்லைப் பார்த்தாலே போதும். சிப்பிகளும் சங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி இறுகிய பாறை அது. அறுத்து மெருகேற்றினால் கருஞ்சாம்பல் பரப்பில் வெண்ணிற ஓடுகளின் குறுக்குவெட்டுகள் பளிச்சென்று தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் இதைத் 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்று அலங்கார வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். உண்மையில் இது மார்பிள் அன்று; வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறாத சிப்பிச் சுண்ணாம்புக்கல். உருமாறியிருந்தால் சிப்பிகளின் வடிவம் அழிந்திருக்கும், நமக்கும் தடயம் கிடைத்திருக்காது.

கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்ததற்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, அப்போது தென் அரைக்கோளத்தில் இருந்த இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது, நம் கிழக்கு ஓரத்தின் நிலம் இழுபட்டு விரிந்து, பிளவுகளை ஒட்டிக் கீழிறங்கியது; இன்று காவிரிப் படுகை என்று அழைக்கப்படும் தாழ்வுப் பகுதி அப்படி உருவானதுதான். அதே கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, உலகக் கடல்மட்டமும் இன்றைக்கு இருப்பதைவிட மிக உயரமாக இருந்தது. துருவங்களில் பெரிய பனிப்பாளங்கள் இல்லை; கடலடியில் புதிதாக உருவான சூடான பாறைத்தொடர்கள் பருத்து நின்று நீரை மேலே தள்ளின. தரை இறங்க, நீர் ஏற, மேற்கே பழைய கடினப் பாறைகளின் விளிம்புவரை கடல் பரவியது.

இந்தக் கடலோரத்துக்குப் பின்னாலிருந்த நிலத்தில் ஊசியிலை மரங்கள் வளர்ந்தன. அவற்றுள் ஒன்றே சாத்தனூர் மரம். நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டுக் கடலில் ஊறிக் கனத்து மூழ்கிய மரத்தை மணலும் சேறும் விரைவில் மூடின. காற்றுப்படாத அந்தப் புதைவில் அழுகல் மந்தமாகவே நடந்தது. படிவுகளின் ஊடே கசிந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற மணற்பொருள் மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிந்து, மரப்பொருளின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. வடிவம் மரத்துடையது, பொருள் கத்தி முனைக்கும் கீறல் விழாத கல்.

சாத்தனூரிலிருந்து தெற்கே உள்ள காரை கிராமத்தின் ஓடைப் பள்ளங்களில் இதே கடலின் வேறொரு முகம் தெரிகிறது. அங்கே கரையோர மணல் இல்லை. அமைதியான நீரில் மெல்லப் படிந்த களிமண். மழைநீர் அதை அறுத்து, செம்பழுப்பு மேடுகளும் ஆயிரக்கணக்கான வாய்க்கால்களுமாக ஆக்கியிருக்கிறது. தரையில் கண்ணாடிச் சில்லுகளைப் போல மின்னுவது ஜிப்சம். நகத்தால் கீறினாலே வெள்ளைக் கோடு விழும். கடல் வற்றியபோது உப்பைப் போலப் படிந்தது இது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டும் விரிசல்களிலும் இது நரம்பு நரம்பாக ஓடுகிறது. களிமண் இறுகி வெடித்த பிறகு வந்து நிரம்பியதற்கு அதுவே சாட்சி. அதே தரையில் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற பழுப்புக் கற்களும் கிடக்கும். அவை கணவாய் மீனின் தொலைதூர உறவினமான பெலம்னைட் என்ற உயிரின் உட்கூட்டுப் பகுதிகள். உடைந்த ஒன்றின் முகப்பை உற்றுப் பார்த்தால், சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து விரியும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் இழைகளைக் காணலாம்.

அடுக்குகளை இப்படி ஒப்பிட்டு, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று இப்பாறைகளை மூன்று தொகுதிகளாக 1860களிலேயே வகைப்படுத்தியவர் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு. கீழிருந்து மேலாகச் செல்லச் செல்ல வயது குறைகிறது. அரியலூர்த் தொகுதியின் மேற்பகுதியில், கல்லமேட்டில், கடற்சிப்பிகள் மறைந்து ஆற்று மணலும் டைனோசர் எலும்புகளும் தலைகாட்டுகின்றன, கடல் பின்வாங்கிவிட்டது. அதற்கும் மேலே, நின்னியூர் அடுக்குகளில், அது மறுபடி வந்திருக்கிறது. டைனோசர்கள் அதற்குள் இல்லாமற்போயிருந்தன.