‘முழுமையான சிகிச்சை’ யாரை ஏமாற்றுகிறது?

‘நரம்புக் காது கேளாமைக்கு முழுமையான சிகிச்சை.’ கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நோட்டீஸிலும் வாட்ஸ்அப்பிலும் இந்த வாசகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ‘ஹோலிஸ்டிக்’ என்பதை யாரோ இப்படித் தமிழாக்கிவிட்டார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சொல்லின் கதை சின்னது. கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுது. அதை வைத்துத் தென்னாப்பிரிக்க அரசியல் தலைவர் யான் ஸ்மட்ஸ் 1926இல் ‘ஹோலிசம்’ என்றொரு சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார். உறுப்பை மட்டும் பார்க்காமல் ஆளையே பார்ப்பது என்ற பொருளில் அது மருத்துவத்துக்குள் வந்தது.

அப்படியானால் ‘முழுமையான’ சரிதானே என்பார்கள். எப்படிச் சரியாகும்? ஹோலிஸ்டிக்கில் முழுதாக இருப்பது பார்வை. ‘முழுமையான சிகிச்சை’ என்று படிக்கிறவரோ, முழுசாகக் குணமாகிவிடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த நோயில் பொதுவாக அதுதான் நடக்காது. பெரும்பாலும் கெடுவது, உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள். ஒரு காதில் சுமார் 15,000 இருக்கும். மனிதருக்கு அவை போனால் மறுபடி முளைப்பதில்லை. காதில் விடும் தைலம் செவிப்பறையோடு நின்றுவிடும், அது நீலகிரித் தைலமாகவே இருந்தாலும்.

‘ஒட்டுமொத்தச் சிகிச்சை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. குன்னூர் ஏலத்தில் தேயிலையை லாட்டாக எடுப்பது போல இருக்கிறது. ‘சர்வாங்க சிகிச்சை’ என்றால் எண்ணெய்க் குளியல்தான் நினைவுக்கு வருகிறது. ‘ஒருங்கிணைந்த’ நல்ல சொல், ஆனால் அலோபதியையும் சித்தாவையும் சேர்த்துச் செய்வதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

என் ஓட்டு ‘முழுநோக்கு’ என்பதற்கு. ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’ பார்க்கச் சொன்ன குறளில் இந்த நோக்கு முன்பே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தில் காது மந்தமானவருக்கு முழுநோக்குச் சிகிச்சை என்றால், செவித்துணைக் கருவி, வேலையில் காதுக்குக் காப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, காதிரைச்சலால் தூக்கம் கெட்டால் ஆலோசனை, வீட்டில் முகம் பார்த்துப் பேசச் சொல்வது எல்லாம் சேர்ந்தது.

‘நரம்பு’ இன்னொரு தலைவலி. நம் பேச்சில் கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்புதான். அதனால் ‘நரம்புக் கேளாமை’ என்றதும் நரம்புத் தளர்ச்சிக்கு டானிக் வாங்கப் போகிறார்கள். ‘உட்செவிக் கேளாமை’ என்றால் இடமாவது விளங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் திறக்குமே, அது நடுச்செவி விவகாரம். இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது வெறும் சொல் தேர்வாகத் தெரியலாம். ஆனால் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஓரிரு நாளிலேயே காது மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. ‘முழுமையான’ என்பதை நம்பி ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் 48 நாள் போய்விடும்.