குளிர்சாதன வண்டியின் திரை காட்டும் எண்ணும், பெட்டிக்குள் இருக்கும் இறாலும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சென்னைப் புறநகரில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் வாசலில், தூத்துக்குடியிலிருந்து உறைந்த இறால் ஏற்றி வந்த வண்டியைச் சோதிக்க நின்றிருந்தேன். வண்டியின் திரை -18 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. ஓட்டுநர் நீட்டிய தாளிலும் மணிக்கொரு வரியாக -18, -18 என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தது. கதவைத் திறந்து, கடைசி வரிசையின் மேல் மூலைப் பெட்டியை இறக்கச் சொல்லி, இரண்டு பைகளுக்கு நடுவே வெப்பமானியின் முனையைச் செருகிச் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்த்தபோது வந்த அளவு -8. குலுக்கினால் தனித்தனியாகச் சலசலக்க வேண்டிய இறால் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. பையின் உட்புறத்தில் பொடிப்பனி படிந்திருந்தது.

சரக்கை அனுப்பியவர்கள் கதவோரத்தில், பெட்டிகளுக்கு மேலே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, வெப்பநிலையை நேரத்தோடு தானாகவே பதிவு செய்யும் டேட்டா லாகர் ஒன்றைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதைக் கணினியில் செருகியதும் இரவு முழுவதும் நடந்தது கோடாக வந்து நின்றது. திருச்சியில் பாதிச் சரக்கு இறங்கிய இரவு 10.10 மணிக்கு ஏறத் தொடங்கிய வெப்பநிலை, 2.40 மணிக்கு +3 வரை போய், அதற்குப் பிறகே இறங்கியிருந்தது. ஓட்டுநரிடம் தனியாகக் கேட்டேன். “டீசல் கணக்கு கேக்கறாங்க சார். ராத்திரிதானே, சரக்கு கல்லு மாதிரி இருக்கேன்னு மெஷினை நிறுத்திட்டேன். விழுப்புரத்துக்கு முன்னாடியே போட்டுட்டேன்” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. டீசலை மிச்சம் பிடித்தால் படி, கூடுதலாகச் செலவானால் பிடித்தம் என்ற ஏற்பாட்டுக்குள் அவரை வைத்தவர்கள்தான் உண்மையில் அந்த இயந்திரத்தை நிறுத்தியவர்கள்.

திரை பொய் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அந்த எண், குளிர்விக்கும் இயந்திரத்தின் அருகில் ஓடும் காற்றின் வெப்பநிலை. இயந்திரத்தை மறுபடி ஓட விட்டால் காற்று விரைவாகக் குளிர்ந்துவிடும். ஆனால் அட்டைக்கும் பைக்கும் உள்ளே இருக்கும் இறால் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். காரணம், வண்டியில் உள்ள இயந்திரம் ஏற்கெனவே உறைந்த சரக்கை அப்படியே காப்பதற்காக, அதாவது சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் புகும் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக மட்டுமே அளவிட்டுச் செய்யப்பட்டது. இளகிய சரக்கை மீண்டும் உறைய வைக்கும் திறன் அதற்குக் கிடையாது. அப்படி மெதுவாக மறுபடி உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாகி, தசையின் செல்களைக் கிழிக்கின்றன. சமைப்பதற்காக இளக்கும்போது தண்ணீராக வடிந்துபோவது அந்தச் சேதத்தின் விளைவுதான்.

உறைந்த சரக்கில் இது பெரும்பாலும் தரக்கேட்டோடு நின்றுவிடும். உறையாமல், குளிர்ச்சியில் மட்டும் வைத்து அனுப்பும் மீனில் நிலைமை வேறு. சூரை, அயிலை போன்ற மீன்களைப் பிடித்த பிறகு வெப்பத்தில் விட்டால், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமின், வறுத்தாலும் குழம்பில் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. மீனின் தோற்றமும் வாடையும் நன்றாக இருக்கும்போதேகூட அது இருக்கலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலைவலியும் படபடப்பும் வந்தால், ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, அது வெப்பத்தில் கிடந்த நேரமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தைக் கண்ணாலோ மூக்காலோ அளக்க முடியாது என்பதால்தான் பதிவுக் கருவியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகள், குளிரூட்டிய உணவுக்கு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ், உறைந்த உணவுக்கு -18 அல்லது அதற்குக் கீழ் என்று சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 37/2005 விதியோ, உறைந்த உணவைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைக் கருவியால் பதிவு செய்யவும், அந்தப் பதிவைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கவும் சொல்கிறது. கருவி, வெப்பநிலைப் பதிவுக் கருவிகளுக்கான ஈஎன் 12830 (EN 12830) என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கப்பலேறும் இறாலுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் நம் ஊர்க் கடைக்கு வரும் இறாலுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கருவி வாங்கியவர்களிடமும் குறைகளைப் பார்க்கிறேன். சென்சாரைக் குளிர்காற்று அடிக்கும் முகத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். கதவுக்கு அருகிலும் மேல் அடுக்கிலும்தான் முதலில் சூடேறும் என்பதால் அது அங்கேதான் இருக்க வேண்டும். லாகரின் கடிகாரம் சர்வதேச நேரத்தில் கிடக்க, பதிவு முழுவதும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பதையும், அதனால் தவறு யாருடைய பொறுப்பில் நடந்தது என்று வீண் சண்டை நடப்பதையும் கண்டிருக்கிறேன்.

ஓர் உணவகத்தின் வாக்-இன் கூலரில், அதாவது ஆள் உள்ளே நடந்து போகும் அளவுள்ள குளிர் அறையில், அலாரம் ஒலிக்கும் இடத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டியிருந்தது. குளிர்விக்கும் பகுதியில் படிந்த பனியை இயந்திரம் தானே உருக்கும், அதாவது டிஃப்ராஸ்ட் ஆகும், ஒவ்வொரு முறையும் காற்று சில நிமிடங்கள் சூடாக, அலாரம் அடித்துக்கொண்டே இருந்ததாம். சமையலறைப் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? சென்சாரின் முனையை, கிளைக்கால் (glycol) என்ற எளிதில் உறையாத திரவம் நிரப்பிய சிறு குப்பிக்குள் இறக்கினோம். உணவைப்போலவே அதுவும் மெதுவாகச் சூடாகும் என்பதால் பொய் அலாரம் நின்றது. எல்லையைத் தாண்டி 20 நிமிடம் ஆன பிறகே ஒலிக்கும்படியும் மாற்றினோம். டேப்பை அவர்களே பிய்த்துப் போட்டார்கள்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் பெரிய செலவு இல்லை. நொறுக்கிய பனிக்கட்டியைச் சுத்தமான தண்ணீரில் சேறுபோல் கலந்து, முனையைப் பாத்திரத்தில் படாமல் நடுவில் பிடித்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால் 0 காட்ட வேண்டும். அரை டிகிரிக்கு மேல் விலகினால் அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். முறையான ஆய்வகச் சான்றிதழ் ஆண்டுக்கொரு முறை வேண்டும். இடையில் மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

அந்த இறால் வண்டி வந்த கிடங்கில் இப்போது ஓட்டுநரின் தாளை யாரும் கேட்பதில்லை. சரக்கைப் பெறும் எழுத்தர் முதலில் கதவோர லாகரைச் செருகிக் கோட்டைப் பார்க்கிறார், பிறகு மேல் மூலைப் பெட்டியில் முனையைச் செருகுகிறார், இரண்டும் சரியாக இருந்த பின்னரே ரசீதில் கையெழுத்திடுகிறார். வண்டி உரிமையாளருடனான ஒப்பந்தத்தில், குளிர்விக்கும் இயந்திரத்துக்கான டீசல் தனிக் கணக்காக எழுதப்பட்டு, ஓட்டுநரின் படியிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது.